நாற்பத்தொரு பாட்டுக்கு ஒரே பெயர்

அம்மாவின் அடக்கத் திருப்பலியை பெர்த்தில் இருக்கும் என் தம்பிக்காகக் கைப்பேசியில் பதிந்து இணையத்தில் போட்டிருந்தோம். வேலை முடிந்து வீடு திரும்பியதும் அதைப் பார்த்துவிட்டு அவன் கூப்பிட்டான். அழுதிருந்தான். "அக்கா, நன்மை வாங்குற நேரத்துல பாட்டு இல்ல. எல்லாரும் வாயைத் திறந்து திறந்து மூடுறாங்க, சத்தமே வரல" என்றான். நான் திறந்து பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். கீபோர்டில் கை அசைகிறது, பாடகர் குழுவில் பத்துப் பதினைந்து வாய்கள் அசைகின்றன, நற்கருணை வாங்க ஜனங்கள் சவப்பெட்டியைத் தாண்டி வரிசையாக நடக்கிறார்கள். நாலரை நிமிடம் ஒரு சத்தம் கிடையாது. பிறகு ஃபாதர் இருமியதிலிருந்து ஒலி திரும்ப வருகிறது. கீழே ஓர் அறிவிப்பு இருந்தது. அந்தப் பகுதியில் வரும் பாடலின் உரிமை வேறொருவருடையதாம், அதனால் ஒலியை நீக்கிவிட்டார்களாம். யாருடையது என்று தொட்டுப் பார்த்தேன். இசை, சொல் இரண்டுக்கும் நேரே எங்கள் பாடகர் குழு மாஸ்டரின் முழுப்பெயர், ஞானஸ்நானப் பெயரோடு, கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தப் பாட்டு நான் எழுதியது.

நான் எழுதியது என்று சொன்னேன். முதல் வரி எனக்குக்கூடச் சொந்தமில்லை, பெட்டிக்குள் கிடந்தவளுடையது. அப்பா ரயில்வேயில் இருந்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அவர் வேலைக்குப் போகும் நேரத்துக்கும் ஒழுங்கில்லை, வரும் நேரத்துக்கும் ஒழுங்கில்லை. "உங்கப்பா வர்ற நேரம் தெரியாது, கதவைத் தாள் போடாதே" என்று அம்மா எங்களிடம் சொல்லாத நாளில்லை. அப்பா செத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலில் திருத்தினோம், பிறகு விட்டுவிட்டோம். அதைத்தான் நான் "கதவைத் தாழிடவில்லை நான், நீ வரும் நேரம் தெரியாது" என்று எழுதி மெட்டும் போட்டேன். கோவிலில் பாடும்போது அது ஆண்டவருக்குக் காத்திருக்கும் ஆன்மாவின் பாட்டு. எங்கள் வீட்டில் அது அப்பாவுக்குக் காத்திருக்கும் அம்மாவின் பாட்டு. அம்மா எந்த அர்த்தத்தில் பாடினாள் என்று நான் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அவரைப் பிடிக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்களுக்கு வசதி. ஒரு காலத்தில் ரொம்பவும் பிடித்திருந்தது, அதனால்தான் இவ்வளவு பிடிக்கவில்லை. எங்கள் பாடகர் குழுவை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவர் நடத்தினார். வியாழன்தோறும் மாலை ஆறு மணிக்குக் கோவில் மண்டபத்தில் ஒத்திகை. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் டீ ஃபிளாஸ்க், கீபோர்டின் மேல் நான்காக மடித்த கைக்குட்டை. குரல் உயர்த்தித் திட்டமாட்டார். தப்பாகப் பாடினால் வாசிப்பதை நிறுத்திவிட்டு, பாடியவரைப் பார்க்காமல் சுவரில் உள்ள சிலுவையைப் பார்ப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். கையெடுத்துக் கும்பிட்டு, தலையைக் குனிந்து, "நான் வெறும் குழாய், தண்ணி அவருது" என்பார். குழுப் படம் எடுக்கும்போது எப்போதும் கடைசி வரிசையின் ஓரத்தில்தான் நிற்பார். அந்த ஓரத்தில் ஒரு வெற்றிடம் விட்டு நிற்கச் சொல்லி எங்களை முன்கூட்டியே அடுக்கியதும் அவரேதான். இவ்வளவு சிரத்தையாகத் தாழ்மையைக் கடைப்பிடித்த ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவருடைய சட்டங்களில் பெரியது, பாட்டுப் புத்தகத்தில் யார் பெயரும் வரக்கூடாது என்பது. எங்கள் குழுவில் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவர்கள் ஆறேழு பேர் இருந்தோம். எழுதியதை ஒரு தாளில் கொண்டுவந்து கீபோர்டின் மேல் வைத்துவிட வேண்டும். வியாழக்கிழமை எல்லோரும் சேர்ந்து பாடிப் பார்ப்போம், ஆளுக்கு ஒரு சொல் மாற்றுவோம், ஒருத்தர் ஸ்வரத்தை இறக்குவார், இன்னொருத்தர் அடியைக் கூட்டுவார். பிறகு பெயரில்லாமல் புத்தகத்தில் ஏறும். "பாட்டு ஆண்டவருக்கு. பேரு போட்டா பெருமை வந்துடும்" என்பார் மாஸ்டர். ஒருமுறை டீச்சரக்கா தன் பாட்டின் அடியில் பென்சிலால் சின்னதாகத் தன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டிருந்தார். டீச்சரக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குழுவில் எங்களுக்கெல்லாம் நடுவே நின்று இரண்டாம் குரல் பாடுகிறவர். மாஸ்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து முன்வரிசையில் இருந்தவளிடம் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி டீச்சரக்காவிடம் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் பெயரைத் தானே அழித்துவிட்டு ரப்பரைத் திருப்பி அனுப்பினார். பிறகு நாங்கள் அந்தப் பாட்டைப் பாடினோம். அப்போது எனக்கு அது ஒரு பெரிய பாடமாகத் தோன்றியது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மாஸ்டரின் பக்தியைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது. சொன்ன வாயை இப்போது என்ன செய்வது.

பாட்டுகள் எங்களைவிட அதிகம் ஊர் சுற்றின. ஒரு திருவிழாவுக்கு நாங்கள் சிடி ஒன்று வெளியிட்டிருந்தோம். அது யார் யார் கைக்கோ போய், டொராண்டோவில் ஒரு கோவிலிலும் பாரிஸில் ஒரு கோவிலிலும் எங்கள் பாட்டைப் பாடுவதாகச் சேதி வந்தது. டொராண்டோக்காரர்கள் அதைப் பதிவே செய்து வெளியிட்டுவிட்டார்களாம். அன்று ஒத்திகை முடிந்ததும் மாஸ்டர் என்னை இருக்கச் சொன்னார். இணையத்தில் ஒரு கம்பெனி இருக்கிறது, சொந்தப் பாட்டுகளை ஒருமுறை அதில் பதிந்துவிட்டால் உலகத்தில் எந்த நாட்டில் யார் பாடினாலும், ஒலிபரப்பினாலும் அந்தந்த நாட்டுச் சங்கங்களிலிருந்து உரிமைத்தொகையை வாங்கித் தருவார்கள் என்று அவர் மகன் கண்டுபிடித்திருந்தான். நாம் பதியாவிட்டால் வேறு எவனாவது பதிந்துவிடுவான் என்றார் மாஸ்டர். வருவதை வைத்துக் கோவிலுக்கு நல்ல ஆர்கன் வாங்கலாம் என்றார். நான் போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீஸில் சுங்கப் படிவங்கள் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். படிவம் என்றால் குழுவில் எல்லோருக்கும் என் நினைவுதான் வரும். எனக்கும் அதில் பெருமை.

மூன்று சனிக்கிழமைகள் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து, மண்டபத்தில் உட்கார்ந்து நாற்பத்தொரு பாட்டுகளைப் பதிந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பு, இசையமைத்தவர், சொல் எழுதியவர், ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கேட்டார்கள். முதல் பாட்டிலேயே நான் மாஸ்டரைக் கேட்டேன், யார் பெயரைப் போடுவது என்று. அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஆளாளுக்குப் பேரு போட்டா, ஒவ்வொருத்தரும் தனித்தனியா மெம்பர் ஆகணும், ஐசி கார்டு காட்டணும், பேங்க் விவரம் குடுக்கணும். யாரு லா அலையறது? கோயில் பேருல போட்டா பிஷப் ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. சும்மா ஒரு பேருக்கு என் பேரையே போடும்மா. இது கம்ப்யூட்டருக்குத்தானே, ஆண்டவருக்கு யாரு எழுதினான்னு தெரியும்."

போட்டேன். இசை அவர், சொல் அவர், பங்கு நூறு. அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. ஒவ்வொன்றின் முடிவிலும் மேலே கண்ட விவரங்கள் உண்மை என்று உறுதி கூறும் கட்டம் ஒன்று வரும். அதிலும் குறியிட்டேன். இரண்டாம் சனிக்கிழமை என் பாட்டு வந்தபோது மட்டும் கை நின்றது. மாஸ்டர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, லைன் ஸ்லோவா?" என்றார். ஆமாம் என்றேன். குறியிட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனேன்.

அந்த ஆர்கன் இன்றுவரை வரவில்லை. எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி எனக்கு அக்கறையும் கிடையாது. சிடிப் பாட்டுகளை அவர் மகன் இணையத்தில் ஏற்றி, நான் பதிந்த கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டான். மாஸ்டர் முட்டிவலி என்று குழுவைவிட்டு ஓய்வு பெற்றார், பொன்னாடை போர்த்தி அனுப்பினோம். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில் என்பார்கள். எங்கள் ஆள் படித்தது பைபிள், அவ்வளவுதான் வித்தியாசம். தன்னை வெறும் குழாய் என்று சொல்லிக்கொண்டவர் அந்தக் குழாய்க்கு மீட்டர் வைத்துவிட்டார். அது என் அம்மாவின் அடக்கத்தன்றுதான் எனக்குத் தெரியவேண்டும் என்றிருந்திருக்கிறது.

குழுவின் வாட்சப்பில் எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், அம்மா போன துக்கத்தில் இருக்கிறீர்கள், இப்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். ஃபாதர் மன்னிக்கச் சொன்னார். மன்னிக்கலாம், முதலில் பாட்டைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கம்பெனிக்கு எழுதியதற்கு, யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அவரே திருத்தினால் சுலபம், இல்லையென்றால் நான் எழுதியதற்குச் சாட்சி வேண்டும் என்று பதில் வந்தது. சாட்சிக்கு எங்கே போவது? எங்கள் புத்தகத்தில்தான் ஒரு பெயரும் இல்லையே.

அதனால் செராஸில் மகன் வீட்டில் இருக்கும் மாஸ்டரைப் பார்க்கப் போனேன். போகும் வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவருக்கு ஞாபகமறதி வந்திருக்கும், அப்படியானால் எப்படிப் பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அந்த நிம்மதியை எனக்கு அவர் கொடுக்கவில்லை. மனிதர் நல்ல தெளிவாக இருந்தார். எந்தத் திருவிழாவில் எந்தப் பாட்டை எந்த ஸ்வரத்தில் எடுத்தோம், யார் சுருதி விலகினார்கள் என்று வரிசையாகச் சொன்னார். அம்மாவுக்காகச் செபம் சொன்னார். நான் பாட்டின் பெயரைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். முதல் சரணம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்கம்மா சொல்ற வார்த்தைம்மா அது. எங்கப்பா தோட்டத்துல லோரி ஓட்டினாரு, எப்ப வருவாருன்னு தெரியாது. கதவைத் தாள் போடாதீங்கடான்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அதை நினைச்சு எழுதினேன். ஒரே மூச்சுல வந்துச்சு."

திருடுகிறோம் என்று தெரிந்து ஒருவன் திருடினால் சண்டை போடலாம். இந்த மனிதர் என் பாட்டை எடுத்தார், பாட்டோடு சேர்த்து என் அம்மாவையும் எடுத்து, தன் அம்மா இருந்த இடத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுகிறார். இது என் பாட்டு மாஸ்டர், அது என் அம்மா சொன்னது என்று ஒருவழியாகச் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எவ்ளோ நல்லா டைப் அடிச்சுக் குடுத்தே. அதை நான் மறக்கலம்மா" என்றார். கையை உருவிக்கொண்டு வந்தேன். காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கோவிலுக்குப் போகிறவள் பேசக்கூடாத வார்த்தைகளையெல்லாம் பேசினேன்.

மிச்சமிருந்தது டீச்சரக்கா. ஓய்வு பெற்று ரவாங்கில் தனியாக இருக்கிறார். போன் செய்யாமல், ஒரு சனிக்கிழமை கொமுட்டர் பிடித்துப் போய்விட்டேன். சாட்சிக் கையெழுத்து ஒன்று போதும் என்று நினைத்தேன். மாஸ்டரின் பெயர் விழுந்த விதம், அடக்கத் திருப்பலியில் சத்தம் போனது, செராஸ் கதை எல்லாவற்றையும் கொட்டினேன். டீச்சரக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். நான் முடித்ததும் அவர் கேட்டார்.

"என் பாட்டு ரெண்டையும் யாரு டைப் பண்ணினா?"

நான்தான் என்றேன்.

"உன் பாட்டு வந்தப்ப கை நின்னுச்சுன்னு சொன்னியே. என் பாட்டு வந்தப்ப நின்னுச்சா?"

நிற்கவில்லை. முதல் சனிக்கிழமையே டீச்சரக்காவின் இரண்டு பாட்டும் போய்விட்டன. அவை யாருடையவை என்று எனக்கு நன்றாகத் தெரியும், ரப்பர் கைமாறிப் போனபோது நானும்தான் வரிசையில் இருந்தேன். அதை நினைக்கக்கூட இல்லை. மாஸ்டர் சொன்னார், தட்டினேன், உண்மை என்று உறுதி கூறினேன், நல்ல வேலைக்காரி மாதிரி அடுத்ததற்குப் போனேன். இத்தனை மாதங்களாக அவரைத் திட்டித் தீர்த்தவளுக்கு இது ஒருநாள்கூட உறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். டீச்சரக்கா சரி என்று தலையாட்டினார், பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததற்கு அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது, கோபமும் கொஞ்சம் வந்தது.

அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய வாக்குமூலத்தை முதலிலிருந்து எழுதினேன். நாற்பத்தொரு பாட்டுகளையும் உண்மைக்கு மாறான பெயரில் பதிந்தவள் நான் என்று ஆரம்பித்தேன். டீச்சரக்காவின் இரண்டு பாட்டுகளை முதலில் போட்டேன். எனக்குத் தெரிந்தவரை மற்றவர்களின் பாட்டுகளை அவரவர் பெயரில் போட்டேன். மாஸ்டர் எழுதியவை பதினோரு பாட்டுகள், அவற்றை அவருக்கே விட்டேன், நல்ல பாட்டுகளும் அதில் உண்டு என்பதை மறுக்க முடியாது. கடைசியில் என்னுடையது. ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். என் பாட்டுக்கு வந்ததும், இசை நான், சொல் நான், பங்கு நூறு என்று வாசித்தேன்.

"மூணாவது சரணம்?" என்றார் டீச்சரக்கா.

"அதுவும் என்னுதுதான்க்கா."

"வாசலில் உன் செருப்பின் இடத்தை யாருக்கும் நான் தரமாட்டேன்" என்று அந்தச் சரணத்தைக் குரல் எடுக்காமல் சொன்னார். "அது நான் குடுத்தது. எங்க வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் வரைக்கும் அந்த இடத்துல யாரையும் செருப்பு விட விடல நான். வியாழக்கிழமை ஒத்திகையில உன் பாட்டு ரெண்டு சரணத்தோட நின்னுச்சு. இதைச் சேத்துக்கன்னு சொன்னேன்."

இல்லை என்றேன். மரியாதையாக, ஆனால் அழுத்தமாகச் சொன்னேன். கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது எழுதினேன், வலது பக்கம் ஒரு கிழவர் சாமான் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார், டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன் என்று விவரமாகச் சொன்னேன். எல்லாம் கண்முன்னால் தெரிந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் யாரும் வாசலில் செருப்பு விட்டதில்லை. குவார்ட்டர்ஸில் களவு போகும் என்று அம்மா உள்ளே எடுத்து வைக்கச் சொல்வாள். டீச்சரக்கா வாதாடவில்லை. எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

அம்மா படுத்துவிட்ட பிறகு கடைசி மூன்று வாரமும் என் பாட்டைத்தான் முனகிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு என் பாட்டு எவ்வளவு உயிர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன், தம்பியிடம் போனைக் காதில் வைத்துக் கேட்க வைத்தேன். முதல் வரியை அவள் பாடவே இல்லை. திரும்பத் திரும்பச் செருப்பு வரியைத்தான் பாடினாள்.

மாஸ்டரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் எடுத்தது எடுத்ததுதான், வாக்குமூலத்தை அன்றே அனுப்பினேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஆனால் அனுப்புமுன் என் பாட்டின் கட்டத்துக்குப் போய் நூறை அழித்தேன். டீச்சரக்காவின் பெயரைத் தட்டி, அவர் பங்கை எழுதினேன். டீச்சரக்கா டீயோடு வந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நூறை அழிக்க எனக்கு மனமிருக்கவில்லை. அவர் அங்கே நின்றிருக்காவிட்டால் அழித்திருப்பேனா என்பது எனக்குத் தெரியவில்லை.